அறுபது கோல் அடித்த ஆள்

எர்லிங் ஹாலண்ட் 2022-23 சீசனில் 36 கோல் அடித்ததும் ஸ்டேட்டஸ் போட்டவரா நீங்க? அப்போ இந்தக் கணக்கையும் கேளுங்க. இங்கிலாந்தின் முதல் டிவிஷன் லீக், 1927-28 சீசன், 39 ஆட்டம், 60 கோல். அடித்தவர் ஒரே ஆள். இன்னைக்கு வரைக்கும் அந்த லீக்கில் யாரும் அதைத் தாண்டலை.

வில்லியம் ரால்ஃப் டீன் என்பது அவர் பெயர். ஊரெல்லாம் டிக்ஸி டீன் என்று கூப்பிட்டது. அவருக்கு அது பிடிக்காது, பில் என்றால் போதும். லிவர்பூலுக்கு எதிரே மெர்ஸி ஆற்றின் அக்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட்டில் 1907-ல் பிறந்தார். அப்பா மாதிரியே இவருக்கும் ரயில்வேயில் வேலை, ஃபிட்டர் அப்ரண்டிஸ் (மெக்கானிக்கல் மக்களே, நம்மாளுதான்). மற்றவர்கள் ஒதுக்கிய நைட் ஷிஃப்டை இவர் கேட்டு வாங்கினார். பகலில் பந்து ஆடலாமே! டிரான்மியர் ரோவர்ஸில் ஆடிக்கொண்டிருந்தவரை, 1925 மார்ச்சில் எவர்டன் 3,000 பவுண்டு கொடுத்து எடுத்தது. வயசு 18.

அந்த வருஷம் ஆஃப்சைடு விதியும் மாறியது. பந்து வாங்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் அதுவரை எதிரணியில் மூன்று பேர் இருக்கணும், இனி இரண்டு பேர் போதும். விளைவு? முதல் டிவிஷனில் ஒரு சீசனுக்கு 1,192 ஆக இருந்த மொத்த கோல், அடுத்த சீசனில் 1,703. அதனால் டீனின் சாதனையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் விதி எல்லா ஸ்ட்ரைக்கருக்கும் ஒன்றுதானே?

இப்போ 1926 கோடைக்கு வாங்க. நார்த் வேல்ஸில் மோட்டார் பைக் விபத்து. மண்டை ஓட்டில் முறிவு, தாடையிலும் முறிவு. இனி ஆட்டம் கிடையாது என்றார்கள் டாக்டர்கள். அன்றைய பந்து எப்படி இருக்கும் தெரியுமா? தடித்த தோல், மேலே கயிறு கட்டிய தையல். மழையில் நனைந்தால் கல்லு. முறிந்த மண்டையை வைத்துக்கொண்டு அதை முட்டணும். சில மாதங்களில் களத்துக்குத் திரும்பினார், அந்த சீசனில் 27 லீக் ஆட்டத்தில் 21 கோல். தலைக்குள் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் கதை கட்டினார்கள். அப்படி எதுவும் இல்லை.

அடுத்ததுதான் அந்த சீசன். அதற்கு முந்தைய வருஷம் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 அடித்திருந்தார். இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது டீனிடம் 53. தாண்ட ஏழு வேணும். பர்ன்லியில் போய் நான்கு அடித்தார். கடைசி ஆட்டம் 1928 மே 5, குடிசன் பார்க்கில் ஆர்சனலோடு. கோப்பை ஏற்கெனவே எவர்டனுக்கு உறுதி, கூட்டம் வந்ததே இவருக்காக. முதல் பாதியிலேயே இரண்டு, அதில் ஒன்று பெனால்ட்டி. பிறகு ஒண்ணும் விழலை. நேரம் ஓடுது. முடிய எட்டு நிமிஷம் இருக்கும்போது அலெக் ட்ரூப் கார்னர் அடிக்க, டீன் எம்பி முட்டினார். அறுபது. அதே தலையால்.

சம்பளம்? அன்று லீக் வைத்திருந்த உச்சவரம்பு வாரம் 8 பவுண்டு. அறுபது அடித்தாலும் அவ்வளவுதான்.

எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் ஒன்றில் வீரர்கள் முதல்முறை எண் போட்டு இறங்கியது 1933-ல்தான். எவர்டனின் 9 டீனுக்கு. இங்கிலாந்துக்கு 16 ஆட்டத்தில் 18 கோல், எவர்டனுக்கு மொத்தம் 383. டாமி லாட்டன் என்ற பையனை கிளப் வாங்கியபோது, தன் இடத்துக்குத்தான் வந்திருக்கிறான் என்று டீனுக்குத் தெரியும். தெரிந்தும் ஹெடிங் சொல்லிக் கொடுத்தார். நம்மில் எத்தனை பேர் செய்வோம்? 1938-ல் கிளப் அவரை நாட்ஸ் கவுண்ட்டிக்கு விற்றது.

பிறகு செஸ்டரில் ஒரு மதுக்கடை நடத்தினார், லிட்டில்வுட்ஸ் கம்பெனியில் போர்ட்டராக இருந்தார். 1976-ல் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். 1980 மார்ச் 1, எவர்டன்-லிவர்பூல் ஆட்டம் பார்க்க குடிசன் பார்க் போனார். அங்கேயே மாரடைப்பு, அங்கேயே உயிர் போனது. வயசு 73. எவர்டன் அன்று 2-1 என்று தோற்றது.