அண்டிரிக்கு அடிகளார்

வண்ணார்பேட்டையைத் தழுவிச் செல்லும் பொருநையாறு கடலொடு கலக்குமிடம் புன்னைக்காயல். அவ்வூரில் நெடுங்காலம் தொண்டாற்றியவர் அண்டிரிக்கு அடிகளார்.

அடிகளார் 1520ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டிற் பிறந்தார். அவருடைய முன்னோர் யூதர் என்னும் காரணத்தால், முதலில் அவர் சேர்ந்த துறவியர் சபை அவரை விலக்கியது. பிறப்பால் ஒதுக்கப்படும் துயரை இளமையிலேயே அறிந்த அவர், பின்னர் இயேசு சபையிற் சேர்ந்து, 1546இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார்.

அக்கடற்கரை அப்போது அமைதியிழந்திருந்தது. முத்து வாணிகம் பற்றிப் பரதவர்க்கும் முஸ்லிம்களுக்கும் முன்னரே பூசல் மூண்டிருந்தது. போர்ச்சுக்கீசியரின் துணையை நாடிய பரதவர், 1530களில் திரளாகக் கிறித்தவராயினர். பொருள் பற்றி எழுந்த பகை சமயப் பகையாயிற்று. 1538இல் வேதாளையில் போர்ச்சுக்கீசியர் முஸ்லிம் கடற்படையை முறியடித்தனர். 1553இல் முஸ்லிம் கடற்படையொன்று புன்னைக்காயலைக் கைப்பற்றியது, அடிகளார் சிறைப்பட்டார்.

விடுதலை பெற்றபின்னும் அவர் அக்கரையை விட்டு நீங்கினாரல்லர். முன்னரே தமிழை முறையாகக் கற்று, அதன் இலக்கணத்தைப் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதியிருந்தார். 1578இல் கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. 1600இல் அவர் மறைந்தார்.

புன்னைக்காயலுக்கு அருகே முஸ்லிம்கள் வாழும் காயல்பட்டினம் உள்ளது. ஈரூரார்க்கும் தாய்மொழி தமிழே. பொருளாசை மூட்டிய பகையைச் சமயத்தின் பெயரால் வளர்த்தல் தகாது என்பதை அக்கடற்கரையின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.