நடுவழியில் செயின் பழுதானால்? 1888-லேயே பதில் சொன்ன பெர்த்தா பென்ஸ்

காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சினின் முன்பக்கம் சில நொடிகள் 'கடகட'ன்னு சத்தம் வருதா? டைமிங் செயின் தேய்ந்திருக்கலாம். கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து, வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது இந்தச் செயின்தான். அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் நேராக வால்வில் போய் இடிக்கும். பிக்-அப் ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டியோடு சேர்ந்து வருமானமும் நின்றுவிடும்.

செயினின் விலையைவிட, அதை எட்டுவதற்கு ஆகும் கூலிதான் அதிகம். அதனால் சிலர் வீட்டு வாசலிலேயே துணிந்து வேலையில் இறங்குகிறார்கள். பெல்ட், முன்மூடி என ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். பல் சக்கரங்களில் உள்ள குறிகளை நேர்ப்படுத்தி, புதுச் செயினோடு டென்ஷனரையும் கைடுகளையும் மாற்றுகிறார்கள். ஸ்டார்ட் பண்ணும் முன் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள்.

தன் வண்டியைத் தானே சரிசெய்யும் இந்தப் பழக்கத்தின் தொடக்கத்தைத் தேடிப் போனால், ஜெர்மனியில் இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய ஒரு தாயிடம் போய் நிற்பீர்கள். அவர் பெயர் பெர்த்தா பென்ஸ்.

யார் இவர்?

1849 மே 3-ல், ஃபோர்ட்ஸ்ஹைம் என்ற ஊரில் வசதியான தச்சுத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். அவர் காதலித்த பொறியாளர் கார்ல் பென்ஸிடம் திறமை இருந்தது, காசு இல்லை. மன்ஹைமில் அவர் நடத்திய பட்டறையில் கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை வாங்கி, அந்தக் கூட்டாளியின் பங்கை விலைக்கு எடுக்க உதவினார் பெர்த்தா. 1872-ல் இருவருக்கும் திருமணம் ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கு. அன்றைய சட்டப்படி, திருமணமான பெண்ணின் சொத்து கணவரின் நிர்வாகத்துக்குப் போய்விடும். அதாவது, பெர்த்தா போட்ட பணத்துக்கு முதலாளி என்று அவர் பெயர் எங்கும் வராது.

பணம் கரைந்தது, கடன் வந்தது. இருந்தாலும் 1879 டிசம்பர் 31 இரவு, கணவனும் மனைவியும் பட்டறைக்குப் போய் மீண்டும் ஒருமுறை முயன்றபோது, கார்லின் எஞ்சின் ஒருவழியாக நிற்காமல் ஓடியது. 1886 ஜனவரி 29-ல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார் கார்ல். விண்ணப்பத்தில் இருந்தது அவர் பெயர் மட்டுமே.

அப்புறம் ஏன் அந்தப் பயணம்?

வண்டி தயார், வாங்கத்தான் ஆள் இல்லை. குதிரை இல்லாத வண்டியை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள், நம்பவில்லை. கார்லோ இன்னும் கொஞ்சம் திருத்தணும், இன்னும் கொஞ்சம் சரிபண்ணணும் என்று பட்டறையை விட்டு நகர மாட்டார். போட்ட பணம், குடும்பத்தின் எதிர்காலம் இரண்டுமே அந்த வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

1888 ஆகஸ்ட்டில் ஒரு விடிகாலை. கணவரிடம் சொல்லாமல், 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் கூட்டிக்கொண்டு பெர்த்தா வண்டியை எடுத்தார். போக வேண்டிய இடம், சுமார் 105 கிலோமீட்டர் தொலைவில் இருந்த தாய்வீடு. அதுவரை மோட்டார் வண்டிகள் ஊருக்குள் சிறிது தூரம் ஓடித் திரும்பியதோடு சரி.

வழியில் என்னவெல்லாம் பழுதானது?

எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் அந்தக் கடையைத்தான் சொல்கிறார்கள்.

எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் நீண்ட ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிடித்து வைக்கும் பட்டியை எடுத்துச் சுற்றினார். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தித் தண்ணீர் நிரப்ப வேண்டியிருந்தது.

செயினும் மக்கர் பண்ணியது. இது டைமிங் செயின் இல்லை. எஞ்சினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் செயின், சைக்கிள் செயின் மாதிரி. புருக்ஸால் ஊரில் ஒரு கொல்லரிடம் நிறுத்தி அதைச் சரிசெய்தார்கள்.

இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, செருப்பு தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அடிக்க வைத்தார். பிரேக் லைனிங் என்று இன்று நாம் சொல்வதன் முன்னோடி இதுதான் என்பார்கள். ஏற்றத்தில் எஞ்சின் திணறியபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இருட்டிய பிறகு ஊர் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இதனால் என்ன மாறியது?

பயணத்தில் கண்டதையெல்லாம் குடும்பம் கார்லிடம் சொன்னது. மேடு ஏறுவதற்கென்று வண்டியில் கூடுதலாக ஒரு கியர் வந்தது. அந்த ஆண்டே செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1899-ல் பென்ஸ் நிறுவனம் ஒரே ஆண்டில் 572 வண்டிகள் செய்தது. அப்போது உலகின் மிகப் பெரிய கார் தயாரிப்பாளர் அவர்கள்தான்.

1926-ல் பென்ஸ் நிறுவனம் டைம்லருடன் இணைந்தது. 1929-ல் கார்ல் மறைந்தார். அதன்பிறகும் லாடன்பர்க் ஊரில் வாழ்ந்த பெர்த்தா, 95 வயது நிறைந்த இரண்டாம் நாள், 1944 மே 5-ல் காலமானார். அந்தக் கடைசிப் பிறந்தநாளில்தான் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரைக் கௌரவித்தது. அவர் சென்ற வழி 2008 முதல் அவர் பெயரிலேயே நினைவுப் பாதையாக இருக்கிறது.

பெர்த்தாவை 'முதல் பெண் ஓட்டுநர்' என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்து, எது எங்கே உடையும் என்று கண்டுபிடித்து, கையில் கிடைத்ததை வைத்துச் சரிசெய்து, என்ன மாற்றணும்னு பட்டறைக்குத் திருப்பிச் சொன்னவர் அவர். இன்று கார் நிறுவனங்களில் இந்த வேலைக்கு டெஸ்ட் இன்ஜினியர் என்று பெயர், சம்பளமும் உண்டு. உங்க ஆபீஸிலும் வேலையைச் செய்தவர் ஒருவராகவும், பெயர் வாங்கியவர் இன்னொருவராகவும் இருந்தால், பெர்த்தாவின் கதை உங்களுக்குப் புதிதாக இருக்காது.