பனிவெளி கற்பித்த பசி

வயலும் மரமும் இல்லாத கடுங்குளிர் நிலத்தில் மனிதன் எதை உண்டு உயிர்வாழ இயலும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே சோதனைக்களமாக்கி விடை கண்டவர் பிரிட்யோப் நான்சென். இவர் நார்வே நாட்டின் தலைநகரான இன்றைய ஆஸ்லோவுக்கு அருகில் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தார். விலங்கியல் பயின்ற அவர், பனிச்சறுக்கிலும் தேர்ந்து விளங்கினார்.

கொழுப்புக்கு ஏங்கிய உடல்

1888ஆம் ஆண்டு, ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் உட்புறப் பனிப்பரப்பைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். அதற்குமுன் எவரும் அதனைக் கடந்ததில்லை. உலர்ந்த இறைச்சிப் பொடியுடன் உருக்கிய கொழுப்பைக் கலந்து செய்யப்படும் 'பெமிக்கன்' துருவப் பயணிகளின் வழியுணவு ஆகும். அவர்கள் கொண்டு சென்ற இறைச்சியிலோ கொழுப்பு நீக்கப்பட்டிருந்தது. அதனால் வயிறு நிரம்பியும் பசி அடங்கவில்லை. குளிரில் உடல் வெப்பத்தைக் காப்பதில் கொழுப்புக்கு உள்ள பங்கை அவர் பட்டறிந்தார்.

நாடு திரும்பவேண்டிய கப்பல் முன்பே புறப்பட்டுவிட்டதால், குளிர்காலத்தை மேற்குக் கரையில் கழித்தனர். அங்கு வாழும் இனூயிட் மக்களிடம் 'கயாக்' என்னும் தோற்படகைச் செலுத்தவும், அவர்தம் உணவை உண்ணவும் நான்சென் கற்றார். திமிங்கிலத்தின் பச்சைத் தோல் அவருக்குச் சுவையுணவாயிற்று. காய்கனி அரிதான அந்நிலத்தில் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் வைட்டமின் சி, அத்தோலில் மிகுந்துள்ளதைப் பிற்கால அறிவியல் கண்டறிந்தது.

கற்குடிலில் ஒரு குளிர்காலம்

1893இல் 'பிராம்' என்னும் கப்பலில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்டார். கப்பலைப் பனியில் உறையவிட்டு, நகரும் பனியோடு துருவத்தை அணுகுவது அவர் திட்டம். அத்திட்டம் நிறைவேறாது எனத் தெளிந்ததும், 1895 மார்ச் 14ஆம் நாள் யால்மர் யோகன்செனுடன் கப்பலை விட்டு இறங்கினார். அவர்களிடம் 28 நாய்களும், தமக்கு 100 நாள்களுக்கான உணவும், நாய்களுக்கு 30 நாள்களுக்கான உணவும் இருந்தன. வழியில் தளர்ந்த நாயைக் கொன்று ஏனைய நாய்களுக்கு உணவாக்கினர். அதுவரை எவரும் எட்டாத 86 பாகை 14 கலை வட அகலக்கோடு வரை சென்று திரும்பினர். பனி முடிந்து கடல் தென்பட்டபோது இரண்டு நாய்களே எஞ்சியிருந்தன. தம் நாயைத் தாமே கொல்ல மனம் வராமையால், ஒருவர் நாயை மற்றவர் சுட்டார்.

பின்னர்ப் பிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தில் கல்லால் குடில் அமைத்து, வால்ரஸ் தோலால் கூரை வேய்ந்தனர். காலையில் வேகவைத்த கரடியிறைச்சி, மாலையில் வறுத்த கரடியிறைச்சி என மாதங்கள் கழிந்தன. கடல்விலங்கின் கொழுப்பே விளக்கையும் அடுப்பையும் எரித்தது. விளக்கில் கருகிய கொழுப்புத் துண்டுகள் அவர்களுக்குத் தின்பண்டமாயின. புதிய இறைச்சியை உண்டதால் ஸ்கர்வி அவர்களை அணுகவில்லை. 1896 ஜூன் மாதம் ஆங்கிலேய ஆய்வாளர் பிரடெரிக் ஜாக்சனைச் சந்தித்தபோது, கப்பலை விட்டு இறங்கிய நாளைவிட நான்செனின் எடை ஏறத்தாழ 10 கிலோ கூடியிருந்தது.

விளைநிலத்தில் பசி

1921இல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் பெரும்பஞ்சம் தலைவிரித்தாடியது. தானியம் விளைந்த ஊர்களில் மக்கள் புல்லையும் மரப்பட்டையையும் உண்டனர். துயர்துடைப்புப் பணியின் பொறுப்பை ஏற்ற நான்சென், உலக நாடுகள் சங்கத்தில் நிதியுதவி வேண்டினார். புரட்சி அரசுக்கு வலுச்சேர்க்கும் என அஞ்சிய அரசுகள் மறுத்தன. அவர் சோர்ந்துவிடவில்லை; பஞ்சப் பகுதிக்கு நேரில் சென்றார்; தாம் கண்டவற்றை நிழற்படங்களுடன் பல நாட்டு மக்களிடம் எடுத்துரைத்து நிதி திரட்டினார். 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றபோது, அத்தொகையையும் துயர்துடைப்புப் பணிக்கே அளித்தார்.

நான்சென் 1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மறைந்தார். உணவே விளையாத பனிவெளியில் அறிவும் உழைப்பும் அவர் பசியைத் தீர்த்தன. வோல்காக் கரையிலோ, உணவு உடையோரின் மனம் இரங்காதவரை பசி தீராது என்பதை அவர் கண்டார். அம்மனங்களை இரங்கச் செய்வதையே தம் இறுதிக்காலப் பயணமாக்கிக்கொண்டார்.