டூலின் ஆயுளை அளந்தவர் – எஃப். டபிள்யூ. டெய்லர்



இரண்டாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வந்த ஜாப், ஹார்டனிங் செய்த ஒரு ஸ்டீல் பின். ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலைப் போட்டேன். கொஞ்ச நேரத்திலேயே முனை மழுங்கிப் போச்சு. சரி என்று கார்பைடு டூலை மாட்டி, கார்பைடுதானே என்ற தைரியத்தில் லேத் வேகத்தைக் கூட்டினேன். முனை உடைஞ்சு விழுந்தது. தென்னேரியில் எங்க வீட்டிலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். டூல் விலையைக் கேட்டதும் அப்பாவின் கூலிதான் ஞாபகம் வந்தது. சார் திட்டவில்லை. டெய்லரைப் பற்றிப் படித்துவிட்டு வரச் சொன்னார். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856 மார்ச் 20-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் தேறியும், கண் கோளாறால் சேரவில்லை. 1874-ல் ஒரு பம்ப் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் ஆனார். 1878-ல் மிட்வேல் ஸ்டீல் கம்பெனிக்குச் சாதாரணக் கூலியாளாகப் போனவர், லேத் ஓட்டி, ஃபோர்மேன் ஆகி, ஆறே ஆண்டில் தலைமைப் பொறியாளர் ஆனார். வேலை பார்த்துக்கொண்டே 1883-ல் இன்ஜினியரிங் பட்டமும் வாங்கினார்.

அந்தக் காலத்தில் லேத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது என்பது வெறும் கைப்பழக்கம். டெய்லர் அதைக் கணக்காக்க நினைத்தார். 1880-ல் தொடங்கி 26 ஆண்டுகள் சோதனை! 8 லட்சம் பவுண்டு இரும்பைச் சீவித் தள்ளினார். நம் கணக்கில் சுமார் 360 டன்.

அளவுக்கு மீறிக் காய்ச்சினால் டூல் கெட்டுவிடும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. பெத்லகேம் கம்பெனியில் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் டங்ஸ்டன், குரோமியம் கலந்த ஸ்டீலை உருகும் நிலைக்குப் பக்கம் வரை காய்ச்சினார்கள். அந்த டூல் முனை சிவந்த பிறகும் வெட்டியது! 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள். நம் ஹை ஸ்பீடு ஸ்டீலின் பிறப்பு அதுதான்.

பரீட்சைக்கு நாம் மனப்பாடம் செய்கிற 'வி டி பவர் என் ஈக்குவல் டு சி' அவருடையதே. வேகம் கொஞ்சம் ஏறினாலும் டூல் ஆயுள் பல மடங்கு இறங்கும். 1915 மார்ச் 21-ல் அவர் மறைந்தார். ஜெர்மனியின் குருப் கம்பெனி கார்பைடு டூலை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1926-ல்தான். அவர் கண்ணால் காணாத அந்த டூலும் அவர் கணக்குக்குக் கட்டுப்படுகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டெய்லர் மனிதர்களின் வேலையையும் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தார். 1911-ல் வாட்டர்டவுன் ஆயுதத் தொழிற்சாலையில் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. வேலை கூடினால் கூலியும் கூடும் என்பது அவர் வாதம். ஆனால் வேலையை மட்டும் கூட்டிய முதலாளிகளும் உண்டு. இதை அப்பாவிடம் சொன்னேன். கடிகாரம் பிடிக்கிறவன் ஒரு நாள் மண்வெட்டி பிடிச்சுப் பார்க்கணும் என்றார் அவர். டெய்லர் கூலியாளாக இருந்தவர்தானே! அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுவாரம் டூலை வெளியே நீட்டாமல் இறுக்கி, வேகத்தைக் குறைத்து, மெல்லிசாக வெட்டு கொடுத்தேன். ஜாப் முடிந்தது. உடைந்த முனை என் பெட்டியில் இருக்கிறது.

நண்பர்களே, நாளைக்கு நாமும் சூப்பர்வைசர் ஆவோம். டூலின் ஆயுளைப் பார்க்கிற கண்ணால், லேத் முன்னால் நிற்கிற ஆளையும் பார்ப்போம்!