எதுவார் லூக்காஸ்

170141183460469231731687303715884105727. முப்பத்தொன்பது இலக்கங்களையுடைய இவ்வெண் ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மிச்சமின்றி வகுபடாதது. 127 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த பலனினின்று ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். இதனை 1876-ஆம் ஆண்டில் கைக்கணக்காலேயே நிறுவியவர் எதுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சு ஆசிரியர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

லூக்காஸ் 1842-இல் அமியேன் நகரில் பிறந்தார். பாரிஸில் கற்று, அந்நகரத்து வான சாஸ்திர நிலையத்தில் ஊழியஞ் செய்தார். 1870-இல் பிரஷ்யாவோடு மூண்ட யுத்தத்தில் பீரங்கிப் படை அதிகாரியாயிருந்தார். பின்னர் உயர்தரப் பாடசாலைகளிற் கணிதம் போதிப்பதே அவர் தொழிலாயிற்று.

மெர்சென் என்னும் துறவி 1644-இல் இவ்வகை எண்களுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டிருந்தார். 67 இரண்டுகளாலாவதும் 127 இரண்டுகளாலாவதும் பகா எண்களே என்பது அவர் துணிபு, நிரூபணமோ காட்டிற்றிலர். சிறு பகா எண்களால் ஒவ்வொன்றாய் வகுத்துப் பார்ப்பதாயின், இத்துணைப் பெரிய எண்ணுக்கு ஆயிரம் ஆயுளும் போதா.

லூக்காஸ் கண்ட வழியை 127 என்னும் சிறிய எண்ணிலேயே பார்க்கலாம். இஃது ஏழு இரண்டுகளின் பெருக்கத்தில் ஒன்று குறைந்தது. 3-இல் தொடங்குவோம். ஒவ்வோர் எண்ணையும் தன்னாலேயே பெருக்கி, 2-ஐக் கழித்து, 127-ஆல் வகுத்த மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். 3, 7, 47, 48, 16 என வந்து, ஆறாம் இடத்திற் பூஜ்யமாகிறது. ஆகவே 127 பகா எண். (நான்கால் வகுத்தால் மூன்று மிஞ்சும் 7, 67, 127 போன்ற பகா எண்களுக்கே 3-இல் தொடங்குதல் பொருந்தும், மாணவ நண்பர்கள் 5-ஐக் கொண்டு முயன்று எம்மைக் குறை கூறற்க.) முப்பத்தொன்பது இலக்க எண்ணுக்கும் இதுவே முறை, ஆனாற் பூஜ்யம் வரவேண்டியது 126-ஆம் இடத்தில். இடையில் ஓரிலக்கம் பிசகினும் உழைப்பு முழுதும் வீண்.

மெர்சென் 127-ஐப் பற்றிக் கூறியது மெய்யாயிற்று. 67-ஐப் பற்றியது பிழையென்று லூக்காஸ் அவ்வாண்டிலேயே காட்டினார். வியப்பு யாதெனில், காரணி ஒன்றையேனும் காணாமலே அது பகு எண்ணென்று அவர் துணிந்ததுதான். காரணிகளான 193707721, 761838257287 என்பவற்றை அமெரிக்கராகிய கோல் 1903-இல் வெளியிட்டார்.

விளையாட்டுக் கணிதத்திலும் அவருக்குப் பெருவிருப்பு. வட்டத் தட்டுக்களை ஒரு முளையினின்று மற்றொன்றுக்கு மாற்றும் ஹனோய்க் கோபுரத்தை 1883-இல் புனைபெயரில் வெளியிட்டார். ஏழு தட்டுக்களை மாற்ற 127 நகர்த்தல்கள் வேண்டும். 127 தட்டுக்களாயின் நாம் முதலில் எழுதிய எண்ணே விடை.

1891-இல் மார்செயில் நகரில் விஞ்ஞான மகாநாட்டு விருந்தொன்றிற் பரிசாரகன் கைதவறித் தட்டுக்களைப் போட்டான். தெறித்த சில்லொன்று லூக்காஸின் கன்னத்தைக் கிழித்தது. சில நாளில் அப்புண்ணே விஷமேறி, அக்டோபர் 3-ஆம் தேதி அவர் உயிர் நீத்தார்; வயது 49. எண்ணியலைப்பற்றி அவர் எழுதத் தொடங்கிய பெருநூலில் முதற் பாகமே அவ்வாண்டில் வெளிவந்திருந்தது. அவர் நிறுவிய எண் 1951 வரை, எழுபத்தைந்து ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியதாய் நின்றது.