ஐயரவர்களும் அடிக்குறிப்பும்

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களை அறியாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இரார். அவர்கள் ஊரூராய் நடந்து ஏடு தேடிய வரலாற்றைப் பள்ளிப் பருவத்திலேயே நாம் கேட்டிருக்கின்றோம். ஆயினும், அவர்கள் பதிப்பித்த நூல்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் அமைந்துள்ள குறிப்புக்களை நம்மிற் பலர் ஊன்றி நோக்குவதில்லை. அக்குறிப்புக்களின் வழியே அப்பெரியாரின் வாழ்க்கையை ஒருசிறிது காண்பதே நம் கருத்தாகும்.

இக்கருத்து எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற ஆண்டில் ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்கு நாம் ஒரு கட்டுரை விடுத்தோம். அது திரும்பி வந்தது. நாம் காட்டிய மேற்கோள்களுட் சில மூலநூலைக் கண்டு எழுதியன அல்ல. வேறொருவர் நூலினின்று அப்படியே எடுத்தன. பக்க எண்களும் பொருந்தவில்லை. கால்புள்ளிக்கும் எண்ணுக்கும் இத்துணைப் பெருமையோ என்று முதலிற் சினந்தோம். பின்னர் ஐயரவர்களின் வரலாற்றைப் படித்தபோது அச்சினம் நாணமாக மாறிற்று.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் தஞ்சை நாட்டு உத்தமதானபுரத்தைச் சார்ந்த குடும்பத்திற் பிறந்தார்கள். தந்தையார் வேங்கடசுப்பையர் இசையில் வல்லவர். குடும்பம் வறுமையில் உழன்ற போதிலும் மைந்தரின் தமிழ் வேட்கையைத் தந்தையார் தடுத்திலர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராய் அமர்ந்து, 1876-இல் அப்புலவர் மறையுங்காறும் உடனிருந்து கற்றார்கள். வேங்கடராமன் என்ற பெயரைச் சாமிநாதன் என்று மாற்றியவரும் அவ்வாசிரியரே. 1880-இல் தியாகராச செட்டியாரவர்கள் ஓய்வு பெற்றபோது, அவர்தம் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி ஐயரவர்களுக்குக் கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முன்சீப்பைக் கண்டது அவர்கள் வாழ்வையே திருப்பிவிட்டது. தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் ஐயரவர்கள் வரிசையாக எடுத்துரைத்தார்கள். முதலியார் அவற்றில் மனங்கொள்ளாது, சீவக சிந்தாமணி முதலிய பழைய காப்பியங்களைக் கற்றதுண்டோ என்று வினவினார். இல்லையென்று அறிந்ததும் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைத் தந்தார்.

நச்சினார்க்கினியர் உரையுடன் அந்நூலைப் படிக்கத் தொடங்கியபோது இரண்டு தடைகள் எதிர்ப்பட்டன. ஒன்று, சைன சமயக் கருத்துக்கள். அதனைத் தீர்க்க, கும்பகோணத்துச் சைனர் வீடுகளை நாடிச் சென்று, பிற சமயத்தாரிடம் மாணவர்போல் இருந்து ஐயம் நீங்கினார்கள். மற்றொன்று, உரையில் நிறைந்திருந்த மேற்கோள்கள். உரையாசிரியர் பழம்பாடல்களின் அடிகளை எடுத்துக் காட்டியிருந்தார். எந்நூலினின்று எடுத்தார் என்பதைப் பெரும்பாலும் கூறவில்லை. அவர் காலத்துக் கற்றோர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாயிருந்தமையின் பெயர் கூற வேண்டுவதில்லை போலும். நூற்றாண்டுகள் கழிந்தபின்போ அந்நூல்கள் பயில்வாரின்றி மறைந்தன. மேற்கோள்கள் மட்டும் முகவரியில்லாத கடிதங்களைப் போல் உரையில் எஞ்சி நின்றன.

வேறொருவராயின் அவற்றைக் கடந்து போயிருப்பர். ஐயரவர்கள் ஒவ்வோரடியையும் நினைவிற் பதித்துக்கொண்டு அதன் பிறப்பிடத்தைத் தேடினார்கள். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுவடிகளை ஆராய்ந்தபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அடங்கிய ஏடுகள் கண்ணிற்பட்டன. உரையிற் கண்ட அடிகள் பல அவற்றில் தத்தம் இடத்தே இருக்கக் கண்டார்கள். மேற்கோளின் மூலத்தைத் தேடிச் சென்றவர்க்குச் சங்க இலக்கியமே கிடைத்ததென்றால், அடிக்குறிப்பு எத்துணைப் பெரிய வாயில் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் அச்சேறின. தாம் பட்ட இடர்ப்பாட்டைப் பின்வரும் மாணவர் படலாகாது என்று ஐயரவர்கள் கருதினார்கள் போலும். புறநானூற்றை ஆராய்ந்துகொண்டிருந்த நாளில், நம் திருமறையின் ஒத்த வாக்கியங்களைத் திரட்டிக் காட்டும் நூலொன்றை அவர்கள் காண நேர்ந்தது. அம்முறை அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. தமிழ் நூல்களுக்கும் அத்தகைய கருவிகள் வேண்டுமென்று எண்ணினார்கள். திருமறை மாணவர்க்கென எழுந்த ஒரு முறை புறநானூற்றுக்கும் துணையாயிற்று என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதொன்று.

அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. நூற்பெயரைச் சுருக்கி எழுதி, அதன்பின் பாட்டெண்ணையும் வேண்டுமிடத்து அடியெண்ணையும் அமைப்பார்கள். புறநா. 192 என்று குறித்தால், எவ்வூரில் எவ்வாண்டில் அச்சான பிரதியை எடுப்பினும் அப்பாட்டு அவ்வெண்ணிலேயே கிட்டும். பக்க எண்ணோ பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆதலாற் பக்கம் காட்டுவோர் பதிப்பும் ஆண்டும் உடன் காட்டுதல் இன்றியமையாதது. குறுக்கங்களின் விரிவும், பாட வேறுபாடுகளும், அரும்பத அகராதியும் நூலில் இடம் பெற்றன. ஏடு தந்து உதவினோர் பெயர்கள் முகவுரையில் நன்றியுடன் நிரல்படக் கூறப்பட்டன. மணிமேகலைக்காகப் பௌத்த சமய நுட்பங்களை விளக்கிய மளூர் ரங்காசாரியரின் உதவியையும் அவர்கள் மறந்திலர்.

இவையெல்லாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. எவ்வளவு தேடியும் இடம் விளங்காத மேற்கோள்களை ஐயரவர்கள் மறைத்திலர். விளங்கா மேற்கோள் என்று தனியே அடைவு செய்து வெளியிட்டார்கள். பெரும் புலவரொருவர் தாம் அறியாதவற்றை அகர வரிசையில் அச்சிட்டு உலகத்தார் முன் வைத்தார் என்பதை நினையுந்தோறும், மூலத்தைப் பாராமலே பார்த்தவர்போல் எழுதிய நம் கட்டுரை நம்மைச் சுடுகின்றது. அவர்கள் எழுபதாண்டு கற்றும் தெரியாது என்றார்கள்; நாம் இரண்டாண்டு கற்றுத் தெரிந்ததுபோல் நடித்தோம்.

1903-இற் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை அங்கே பணியாற்றினார்கள். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவர்களை வந்தடைந்தன. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார்கள்.

சில திங்களுக்கு முன் நாம் ஆவடியிற் புறநகர் வண்டியேறிச் சென்னை சென்று, திருவல்லிக்கேணியில் அவர்கள் வாழ்ந்த தியாகராச விலாசம் இருந்த தெருவைக் கண்டோம். அவ்வீடு 2012-இல் இடிக்கப்பட்டுவிட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் மறைந்தன. அவர்கள் இட்ட குறிப்புக்கள் இன்றும் நம்மை உரிய பாட்டினிடம் கொண்டு சேர்க்கின்றன. அவர்கள் தொகுத்த சுவடிகள், 1943-இல் அவர்கள் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையத்தில், இப்பொழுது பெசன்ட் நகரில், பேணப்படுகின்றன.

இக்காலத்தே மேற்கோள் விவரங்களைக் கணினியே வரிசைப்படுத்தித் தருகின்றது. ஆயினும் அதற்கு நம் மரபு தெரியாது. குடும்பப் பெயரை முன்னிறுத்தும் மேனாட்டு முறையைத் தமிழ்ப் பெயர்மேற் சுமத்தினால் ஊரும் தந்தையும் ஆசிரியராகிவிடுவர். உகரம் உத்தமதானபுரத்தையும் வேகாரம் வேங்கடசுப்பையரையும் குறிப்பன. ஆகவே, சாமிநாதையர், உ. வே. என்று எழுதுவதே முறை. இதனை நாமே பார்த்துத் திருத்தல் வேண்டும். நூலைக் கண்ணாற் கண்டோமா என்பதையும் கணினி கேளாது. அது நம் மனச்சான்று கேட்க வேண்டிய வினா.

அம்பத்தூரினின்றும் பூந்தமல்லியினின்றும் நாடோறும் நூலகம் வரும் நண்பர்களே, அடுத்த கட்டுரைக்கு அடிக்குறிப்பு எழுதுங்கால் மூலநூலை ஒருமுறை கையில் எடுப்போமாக. கிடைத்திலதாயின் கிடைத்திலதென்றே எழுதுவோமாக. திரும்பி வந்த நம் கட்டுரையின் மேற்கோள்களை நாமும் மூலத்துடன் ஒப்பிட்டு வருகின்றோம். பதினேழனுள் பதினான்கு சரியாயின. இரண்டு தவறென்று நீக்கினோம். ஒன்று இன்னும் விளங்கவில்லை. அதனை ஐயரவர்கள் காட்டிய வழியில் விளங்காதது என்றே குறித்துள்ளோம்.