மழலையரின் வழிகாட்டி மரியா மாண்டிசோரி

இத்தாலி நாட்டிலுள்ள கியாரவல்லே என்னும் சிற்றூரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் மரியா மாண்டிசோரி பிறந்தார். இளமையில் பொறியியலில் நாட்டங்கொண்டு தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றார். பின்னர் மருத்துவம் பயில விழைந்தார். தந்தை அதனை விரும்பவில்லை, தாயோ துணைநின்றார். மாணவர் இருக்கும் வேளையில் ஒரு பெண் பிணக்கூறாய்வு செய்தல் தகாது என்று அக்காலத்தவர் கருதினர். ஆதலால், வகுப்புகள் முடிந்தபின் அவர் தனியே அப்பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது. எனினும் மனந்தளராது 1896ஆம் ஆண்டு உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தபோது, அவர்களுக்கு மருந்தினும் கல்வியே மிகுதியும் தேவை என்பதை உணர்ந்தார். தொட்டும் எடுத்தும் அடுக்கியும் பயிலத்தக்க கருவிகளை அவர்களுக்கு அளித்தார். அக்குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றனர்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறு பிள்ளைகளே அங்கு வந்தனர். பெரியோருக்கான மேசை நாற்காலிகளுக்கு மாற்றாக, பிள்ளைகள் தாமே தூக்கி வைக்கத்தக்க சிறிய, எடை குறைந்த பொருள்களை அமைத்தார்.

அவர் வடிவமைத்த கருவிகள் எளியவை. ஆயினும் நுட்பம் மிக்கவை. இளஞ்சிவப்புக் கோபுரம் என்பது பத்துக் கனசதுரக் கட்டைகளால் ஆனது. மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ.; மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ. வரிசை பிறழ்ந்தால் கோபுரத்தின் தோற்றமே பிழையைக் காட்டிவிடும். உருளைக் கட்டையைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். பிழையைக் கருவியே காட்டுவதால், ஆசிரியர் கடிந்துரைக்கத் தேவையில்லை. குழந்தை தானே திருத்திக்கொள்ளும்.

ஒருநாள் சிறுமி ஒருத்தி உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தார் மாண்டிசோரி. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் அவள் கைகள் ஓயவில்லை. நாற்பது முறைக்கும் மேல் செய்தபின், மனநிறைவோடு தானே நிறுத்தினாள். சிறு குழந்தையின் மனம் ஒருமுகப்படாது என்னும் எண்ணம் தவறு என்பதை அவர் அன்று கண்டார்.

எழுத்து வடிவில் வெட்டிய மணற்றாளைப் பலகையில் ஒட்டி, விரலால் தடவச் செய்தார். கண், செவி, கை மூன்றும் ஒருங்கே எழுத்தை அறிந்தன. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இதனோடு ஒப்பிடத்தக்கதே.

நல்ல கருவியும், காத்திருக்கத் தெரியாத ஆசிரியர் கையில் பயன்தராது. எனவே, 1909 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினார். கருவியைக் கையாளும் முறையைச் சில சொற்களில் காட்டுதல், பின்னர் விலகி நின்று உற்றுநோக்குதல் ஆகிய இரண்டுமே அப்பயிற்சியின் உயிர்நாடி.

இத்தாலியில் முசோலினியின் ஆட்சியோடு முரண்பட்டு 1934ஆம் ஆண்டு தாய்நாட்டை விட்டு நீங்கினார். 1936இல் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினையும் துறந்து நெதர்லாந்து சேர்ந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டு மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கு ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேர் அவரிடம் பயிற்சி பெற்றனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940ஆம் ஆண்டு சூன் திங்களில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசு, மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது. அன்னையை அடையாற்றை விட்டு அகலாதவாறு தடுத்தது. எந்நாட்டின் ஆட்சியோடு மாறுபட்டு வெளியேறினாரோ, அந்நாட்டவர் என்பதாலேயே அவர் பகைவராகக் கருதப்பட்டார். அவரது 70ஆம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார்.

அதன்பின் கொடைக்கானல், அகமதாபாத், கராச்சி முதலிய இடங்களில் அவர் பணி தொடர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர். எவரும் பாடம் நடத்தாமலே மழலையர் தம்மைச் சூழ்ந்த மொழியை உள்வாங்கும் விந்தையை விளக்கும் அவருடைய நூல், 1949ஆம் ஆண்டு அடையாற்றில் வெளியிடப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் அவர் மறைந்தார்.

உங்கள் தம்பியோ தங்கையோ கட்டைகளை அடுக்கும்போது, உதவ விரையாமல் சற்றே நின்று பாருங்கள். தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் குழந்தையின் முகமலர்ச்சியே மாண்டிசோரி உலகுக்குக் காட்டிய கல்வி.

சொற்பொருள்
விழைந்தார் – விரும்பினார்
பிறழ்ந்தால் – மாறினால்
எஞ்சும் – மிஞ்சும்
மணற்றாள் – மரத்தைத் தேய்க்கப் பயன்படும் சொரசொரப்பான தாள்

சிந்தித்து விடையளிக்க
1. கருவியே பிழையைக் காட்டுவதால் குழந்தைக்கு விளையும் நன்மை யாது?
2. போர்க்காலத்தில் மாண்டிசோரிக்கு நேர்ந்த துன்பங்கள் யாவை?
3. வீட்டில் நீங்கள் பாடநூலின்றிக் கற்ற தமிழ்ச்சொற்கள் ஐந்தினை எழுதுக.